தைபேயிடம் வாங்கிய இரண்டு கோல்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி நீலாத்ரி ரோட்டில் ஒரு பெண் கோல்கீப்பர் கிளவுஸை மாட்டியபடியே நடந்து போவாள். பதினாறு வயது. எங்கள் எதிர் வீட்டுப் பிள்ளை. அப்பா பொம்மசந்திராவில் லேத் ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தைக்கிறார், சொந்த ஊர் அரூர்ப் பக்கம். கிளவுஸைப் பையில் வைத்துக்கொண்டு போகலாமே என்று ஒருநாள் கேட்டேன். "துவைச்சது இன்னும் காயல ஆன்ட்டி, போற வழியில காத்துல காயட்டும்னு போட்டிருக்கேன்" என்றாள். ஒரே ஜோடிதான் அவளிடம் இருக்கிறது.

அவள் ஆடும் டர்ஃப் முன்பு ராகிக் கொல்லையாக இருந்த இடம். இப்போது நான்கு பக்கமும் பச்சை வலை, உயரக் கம்பங்களில் வெள்ளை விளக்கு, காலடியில் பிளாஸ்டிக் புல்லும் கறுப்பு ரப்பர்த் துகளும். பக்கத்தில் பி.ஜி. விடுதிகள், அதற்குப் பின்னால் அடுக்குமாடிகள். வாரநாட்களில் ராத்திரி பதினோரு மணி வரை ஐ.டி. பையன்கள் மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடுவார்கள். ஞாயிறு ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் பெண்கள். பதினைந்து இருபது பேர் வருவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, மணிப்புரி எல்லாம் கலந்து "மேன் ஆன்! மேன் ஆன்!" என்று கத்துவார்கள். பெண்கள் ஆடும் ஆட்டத்திலும் எதிராளி பின்னால் வந்தால் அப்படித்தான் கத்த வேண்டுமாம்.

நான் இங்கே வந்தது 1997இல். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூரு கிராமங்களில் 332 ஏக்கரை எடுத்து இந்தத் தொழிற்பேட்டையைத் தொடங்கி அப்போது இருபது வருஷம்கூட ஆகவில்லை. அந்த நிறுவனத்தை நடத்திய ஆர்.கே. பாலிகா கண்ட கனவு என்று எல்லாரும் சொல்வார்கள். கனவு கண்ட அளவுக்கு அன்று இங்கே ஒன்றும் இல்லை. மார்க்கெட்டிலிருந்து வரும் 356 பஸ்ஸில் நெருக்கியடித்து வந்து இறங்கினால், இரண்டு பக்கமும் யூகலிப்டஸ், நடுவில் ஒன்றிரண்டு ஆலை. சர்க்யூட் போர்டில் சால்டர் வைக்கும் லைனில் எனக்கு வேலை. லைனில் முக்கால்வாசி பெண்கள், பாதிப் பேர் தமிழ். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வந்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீன் பின்னால் ஆண்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஓணம் சமயத்தில் மலையாளிப் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். எங்களுக்கு வருஷத்தில் ஒருநாள் விளையாட்டு விழா. எலுமிச்சம்பழமும் கரண்டியும், மியூசிக்கல் சேர், கொஞ்சம் தைரியமிருந்தால் த்ரோபால்.

பள்ளியிலும் அப்படித்தான். நான் படித்த பள்ளியின் மைதானத்தில் இரும்பு கோல் போஸ்ட் இரண்டு நின்றன. அவற்றை நாங்கள் நிழலுக்காகக்கூட நெருங்கியதில்லை. எங்களுக்கு டென்னிகாய்ட் வளையம் ஒன்று தரப்படும், அதை வைத்துக்கொண்டு மரத்தடியில் ஆட வேண்டும். ஒருநாள் பையன்களின் பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. அதை எட்டி உதைத்தேன், நன்றாகவே போனது. கைதட்டல் வரும் என்று நினைத்தேன். பி.டி. வாத்தியார் கூப்பிட்டு, "பாவாடை கட்டிக்கிட்டு என்னம்மா இது" என்றார். அவர் திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வருத்தத்தை மீற எனக்குத் தெரியவில்லை.

அதனால் லைனில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த கோழிக்கோட்டுக்கார சேச்சி சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பெண்கள் கால்பந்து பார்த்திருக்கிறாராம். நம் ஊர்ப் பெண்கள், இந்தியாவுக்காக, வெளிநாட்டுப் பெண்களோடு ஆடினார்களாம். "யார் ஜெயிச்சா?" என்று கேட்டேன். "நம்ம தோத்தோம். தைவான்காரிங்க ரெண்டு கோல் போட்டாங்க." அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. சால்டர் புகையை ஊதிவிட்டு அடுத்த போர்டை எடுத்துக்கொண்டார்.

பல வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தபோது சேச்சி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது. 1979-80 ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி கோழிக்கோட்டில்தான் நடந்தது. நடத்தும் நாடு என்பதால் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. பதிவேடுகளில் 'இந்தியா என்', 'இந்தியா எஸ்' என்று இருக்கிறது. ஹாங்காங், பிலிப்பைன்ஸ், மேற்கு ஆஸ்திரேலியா என்று வந்த அணிகளுக்கிடையில் 'இந்தியா எஸ்' இறுதியாட்டம் வரை போனது. அங்கே சீன தைபே, அதாவது தைவான், 2-0 என்று ஜெயித்தது. அடுத்த வருஷம் 1981இல் ஹாங்காங்கில் இந்தியாவுக்கு மூன்றாமிடம். 1983இல் பாங்காக்கில் மறுபடி இறுதியாட்டம், தாய்லாந்திடம் 3-0 தோல்வி. நான்கு வருஷத்துக்குள் இரண்டு தடவை ஆசியாவின் இரண்டாமிடம். அதே 1983இல் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். நம் பெங்களூருவின் சித்ரா கங்காதரனும் அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்தான்.

அன்று இந்தப் பெண்களுக்குப் பின்னால் இருந்தது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இல்லை. ஆண்கள் நடத்திய அந்தச் சங்கம் பெண்கள் ஆட்டத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. 1975இல் லக்னோவில் தனியாகத் தொடங்கப்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம்தான் எல்லாவற்றையும் செய்தது. வங்காளத்துச் சுசில் பட்டாச்சார்யாவை முதல் பயிற்சியாளராகப் போட்டது, தேசியப் போட்டி நடத்தியது, அணியை வெளிநாட்டுக்கு அனுப்பியது. காசில்லாத சங்கம். ஆசிய அளவிலும் அப்படித்தான், பெண்களுக்கென்று தனிக் கூட்டமைப்பு. 1986இல் அது ஆண்களின் ஆசியக் கூட்டமைப்போடு இணைந்தது. இந்தியாவிலும் 90களில் பெண்கள் ஆட்டம் பெரிய சங்கத்தின் கைக்குப் போனது. இணைந்ததும் வசதிகள் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. பெரிய வீட்டுக்கு வாழப்போன பெண் அடுப்படியோடு நின்றுவிட்ட கதைதான்.

இந்த இடத்தில் ஆப்பிரிக்காவைச் சொல்லாமல் போக முடியவில்லை. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991இல் சீனாவில் நடந்தது. பன்னிரண்டு அணிகள். ஆப்பிரிக்காவிலிருந்து போனது நைஜீரியா ஒன்றே ஒன்று. ஆசியாவிலிருந்து சீனா, ஜப்பான், பிறகு நம் சேச்சி சொன்ன அதே சீன தைபே. குலுக்கலில் நைஜீரியாவும் தைபேயும் ஒரே பிரிவில் விழுந்தன. தைபே 2-0 என்று ஜெயித்தது! கோழிக்கோட்டில் நமக்குக் கொடுத்த அதே கணக்கு. ஜெர்மனியிடம் நான்கு, இத்தாலியிடம் ஒன்று, தைபேயிடம் இரண்டு என்று வாங்கிக்கொண்டு, ஒரு கோல்கூடப் போடாமல் நைஜீரியப் பெண்கள் ஊர் திரும்பினார்கள்.

தைபேயிடம் இரண்டு கோல் வாங்கிய இரண்டு அணிகள். ஒன்று அதற்குப் பிறகு நடந்த எல்லா உலகக் கோப்பையிலும் ஆடியிருக்கிறது. 2023 வரை ஒன்பது உலகக் கோப்பைகள், ஒன்றைக்கூட விடவில்லை. 1999இல் காலிறுதி வரை வந்து, பிரேசிலிடம் கூடுதல் நேரத்து கோல் ஒன்றில் 4-3 என்று தோற்றது. 2023இல் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று தோற்கடித்தது. ஆப்பிரிக்கக் கோப்பையை 2025 ஜூலையில் பத்தாவது தடவையாக எடுத்தது. ரபாத்தில் மொராக்கோ இடைவேளைக்குள் இரண்டு கோல் போட்டு முன்னால் நிற்க, இரண்டாம் பாதியில் மூன்று கோல் திருப்பிப் போட்டு வாங்கிய கோப்பை அது.

இன்னொரு அணி, நம்முடையது, பெரியவர்களுக்கான உலகக் கோப்பையை இன்றுவரை எட்டியதில்லை. போட்டியே இல்லாத வருஷங்கள் வந்தன. பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததால் 2009இல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயர் எடுக்கப்பட்டது. அந்த வருஷம் மணிப்பூரில் ஒய்னம் பெம்பெம் தேவி ஆடிக்கொண்டுதான் இருந்தார், கடலூர் மணலில் சின்னப் பெண்கள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆட்டக்காரிகள் எங்கேயும் போய்விடவில்லை. அவர்களுக்கு ஆட்டம் வைக்கத்தான் ஆளில்லை.

அதே காலத்தில்தான் எங்கள் ஓசூர் ரோட்டின் முகம் மாறியது. இன்ஃபோசிஸின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து, நூறு நூறாகப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து இறங்கினார்கள். 2010 ஜனவரியில் பொம்மனஹள்ளிப் பக்கமிருந்து பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தது. ராகிக் கொல்லைகள் மனைகளாகின, மனைகள் விடுதிகளாகின. பெண்கள் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தனியாக வீடு திரும்பப் பழகிக்கொண்டார்கள். ஆனால் ஒரு பெண் கால்பந்தை இடுக்கிக்கொண்டு போவதை 2015 வரை நான் இங்கே பார்த்ததாக நினைவில்லை.

கடலூரைச் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டின் மாற்றம் அங்கிருந்துதான் கிளம்பியது. எஸ். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அங்கே பெண் பிள்ளைகளைச் சேர்த்து, தங்கவைத்து, படிக்கவைத்து ஆட்டம் கற்றுக்கொடுத்தார். 2004 சுனாமியில் நிலைகுலைந்துபோன குடும்பங்களின் பிள்ளைகளும் அவரிடம் வந்தார்கள். இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020 கொரோனா ஊரடங்கில் காக்கியும் முகக்கவசமுமாகச் சென்னைத் தெருவில் நின்ற அவருடைய படம் பத்திரிகைகளில் வந்ததே, பார்த்திருப்பீர்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல்முறையாகத் தேசியக் கோப்பையை எடுத்தது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால், கபடியில் ஹரியானாவை ஹரியானாவிலேயே வெல்வது மாதிரி. 2023 ஜூனில் அமிர்தசரஸில் இறுதியாட்டத்தில் ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடியும் எடுத்தார்கள்.

இடையில் மதுரையின் சேது எஃப்.சி. 2016இல் தொடங்கப்பட்ட கிளப். 2019 மே மாதம் லூதியானா வெயிலில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் ஒரு பெண். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு என் லைனிலிருந்த மதுரைப் பெண்களிடம் சொன்னேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. "நிஜமாவா அக்கா? நம்ம ஊரா?" என்று அவர்கள் கேட்டது, அன்று சேச்சியிடம் நான் கேட்டது மாதிரியே இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் நடந்ததும் தெரியாது, நேற்று நடந்ததும் தெரியாது. இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அடுத்த வருஷம் லீக் எங்கள் ஊருக்கே வந்தது. 2020 ஜனவரி 24இலிருந்து பிப்ரவரி 14 வரை, அசோக் நகரிலுள்ள பெங்களூரு கால்பந்து ஸ்டேடியத்தில் பன்னிரண்டு அணிகள். இறுதியாட்டத்துக்கு அரைநாள் லீவு போட்டுப் போனேன். சில்க் போர்டு சிக்னலில் நாற்பது நிமிஷம் நின்றேன், அந்தக் காலத்தில் அது சகஜம். ஸ்டேடியத்தில் எனக்கு முன் வரிசையில் அல்சூர் கௌதமபுரத்திலிருந்து வந்த பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் தமிழ்ப் பேட்டை அது, பேச்சிலேயே ஊர் தெரிந்துவிட்டது. "அந்த ஏழாம் நம்பர் பொண்ணு காலப் பாருய்யா" என்று ஒருவர் சொன்னார். முழு ஆட்டத்திலும் அவர் 'பொண்ணா இருந்தும்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காலைப் பற்றித்தான் பேசினார், பாஸைப் பற்றித்தான் பேசினார்.

கோகுலம் கேரளா அணிக்கும் மணிப்பூரின் கிரிப்சா அணிக்கும் ஆட்டம். 2-2 என்று நின்றபோது, கடைசி நிமிஷங்களில் நேபாளத்து சாபித்ரா பண்டாரி கோல் போட்டார். 3-2. கோகுலத்தின் பயிற்சியாளர் பி.வி. பிரியா கோட்டுக்கு வெளியே குதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேரளத்துக்குப் போன கோப்பை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படச் சேச்சி அப்போது பெங்களூரில் இல்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார். போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப மாலதி வயசுப் பிள்ளைங்களா?" என்று தன் மகளை வைத்துக் கேட்டார்.

அடுத்த மாதமே ஊரடங்கு.

சாபித்ரா வழியாகத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வெளியூர் ஆட்டக்காரிகள் நம் லீக்குக்கு வரத் தொடங்கிவிட்டார்கள், அதில் ஆப்பிரிக்கப் பெண்கள் முக்கியமானவர்கள். கானாவின் எல்ஷதாய் அச்சம்பாங் கோகுலத்துக்கு ஆடி 2021-22 லீக்கில் அதிக கோல் போட்டார். உகாண்டா தேசிய அணியின் ஃபாசிலா இக்வாபுட் 2024-25இல் ஈஸ்ட் பெங்காலுக்காக 24 கோல் போட்டு, அந்தக் கிளப்புக்கு லீக் கோப்பையை வாங்கித் தந்தார். உகாண்டா இன்னும் உலகக் கோப்பை ஆடாத நாடு, நம்மைப் போலவே. ஆனால் அந்நாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரி நம் தடுப்பாட்டக்காரிகளுக்கு வாராவாரம் பரீட்சை வைத்தார். தோளோடு தோள் மோதி, விழுந்து, எழுந்து கற்றுக்கொள்ளும் பாடத்தைப் பயிற்சி முகாமில் தர முடியாது.

2022 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. நடத்தும் நாடு என்பதால் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. புவனேசுவரத்தில் அமெரிக்காவிடம் எட்டு, மொராக்கோவிடம் மூன்று, பிரேசிலிடம் ஐந்து. நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை. 1991இல் நைஜீரியா வாங்கியதைவிட அதிகம்தான். அதே போட்டியில் நைஜீரியச் சிறுமிகள் நவி மும்பையில் அமெரிக்காவைப் பெனால்டியில் வெளியேற்றினார்கள், கடைசியில் ஜெர்மனியை வென்று மூன்றாமிடம் எடுத்தார்கள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அப்போது பதிமூன்று வயது. எங்கள் வீட்டு டி.வி.யில்தான் பார்த்தாள். அந்தப் பெனால்டிகளில் நைஜீரிய கோல்கீப்பர் கோட்டின் மேல் கை விரித்து நின்றதைப் பார்த்துவிட்டு, "நான் கோலி நிக்கப் போறேன்" என்றாள். அதுவரை அவள் எந்த இடத்திலும் ஆடியதில்லை.

அவள் அம்மாவிடம் நான்தான் பேசினேன். "கால் கை உடைஞ்சா யாரு பாக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. "கல்யாணம் யாரு பண்ணிக்குவா?" என்று கேட்பார் என நினைத்திருந்தேன், அதை அவர் கேட்கவே இல்லை. என் அம்மா அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். பிறகு அவரே பழைய டிராக் பேன்டைப் பிரித்து முட்டிக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

மாற்றம் நேர்கோட்டில் வரவில்லை. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நவி மும்பைப் பக்கம் நடந்தது. ஈரானோடு முதல் ஆட்டம் கோல் இல்லாமல் சமன். மூன்று நாள் கழித்து சீன தைபேயோடு ஆட்டம். அதற்கு மூன்று மாதம் முன்புதான் பஹ்ரைனில் ஒரு நட்பு ஆட்டத்தில் அதே தைபேயை நம் பெண்கள் 1-0 என்று வென்றிருந்தார்கள். கோழிக்கோட்டின் கணக்கைத் தீர்க்க நல்ல நேரம் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அணிக்குள் கொரோனா பரவிக் களமிறக்கப் பதிமூன்று பேர்கூடத் தேறவில்லை. ஆட்டம் ரத்து, போட்டியிலிருந்தே வெளியேற்றம். ஆகஸ்டில் இன்னொரு அடி. நம் சம்மேளனத்தின் நிர்வாகக் குழப்பத்தால் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய்ச் சேர்ந்துவிட்ட கோகுலம் பெண்கள், ஒரு பந்தைக்கூட உதைக்காமல் விமானம் ஏறித் திரும்பினார்கள். பத்து நாளில் தடை நீங்கியது. அவர்களுடைய போட்டி திரும்பி வரவில்லை. பெரியவர்கள் போட்ட சண்டைக்கு அபராதம் கட்டியது அந்தப் பெண்கள்.

அதனால்தான் 2025 ஜூலை 5ஆம் தேதியை நான் சாதாரண நாளாக எடுத்துக்கொள்ளவில்லை. தாய்லாந்தின் சியாங் மாயில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர்-லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்று வந்த இந்தியாவுக்குக் கடைசி ஆட்டம் தாய்லாந்தோடு, அவர்கள் மண்ணில். அவர்கள் தரவரிசையில் 46, நாம் 70. கிரிஸ்பின் செத்ரி பயிற்சியாளர், துணைக்குக் கோகுலத்தின் அதே பிரியா. அந்தச் சுற்று தொடங்குமுன் பெங்களூருவின் படுகோன்-திராவிட் மையத்தில் உஸ்பெகிஸ்தானோடு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

என் போனில் பார்த்தோம். நான், எதிர் வீட்டுப் பெண், அவள் அம்மா, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்த ஒரு பீகார்ப் பெண். கல்யாணி ஊரின் சங்கீதா பாஸ்ஃபோர் முதல் பாதியில் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். இடைவேளை முடிந்ததும் தாய்லாந்து திருப்பியது. 74ஆம் நிமிஷம் மறுபடி சங்கீதா. 2-1. அதற்குப் பிறகு இருந்த நிமிஷங்களில் எதிர் வீட்டுப் பெண் திரையைப் பார்க்கவே இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசில் ஊதியதும் முதலில் அழுதது அவள் அம்மா. தகுதிச்சுற்று ஆடி, ஜெயித்து, ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைந்தது அதுவே முதல் தடவை. பாங்காக்கில் 1983இல் நம்மை வென்ற தாய்லாந்தை, தாய்லாந்திலேயே வென்றது வேறு.

அதே மாதம் 26ஆம் தேதி நைஜீரியாவின் பத்தாவது கோப்பை. வென்று வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் டாலரும் ஒரு வீடும் தருவதாக அந்நாட்டு ஜனாதிபதி அறிவித்தார். படித்தபோது பெருமையாக இருந்தது, பழையதும் கூடவே நினைவுக்கு வந்தது. 2004இல் தென்னாப்பிரிக்காவில் கோப்பையை வென்ற நைஜீரியப் பெண்கள், தர வேண்டிய பணத்தைத் தராததால் ஜோகன்னஸ்பர்க் ஓட்டலைவிட்டு நகர மறுத்து உட்கார்ந்தார்கள். 2016இல் கோப்பையோடு வந்தவர்கள், பாக்கிப் பணத்துக்காக அபுஜாவில் பாராளுமன்றத்தை நோக்கி அட்டை பிடித்து நடந்தார்கள். ஜெயிக்கத் தெரிந்த அணிக்கே கூலியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கூலி விஷயம் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். இந்தியப் பெண்கள் லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாவது தர வேண்டும் என்று 2023இல் சம்மேளனம் விதி வைத்தது. மாதக் கணக்கில் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். இங்கே முதல் வேலைக்கு வரும் இன்ஜினியர் பெண்ணின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும் தொகை. பி.ஜி. வாடகை, சாப்பாடு போக ஊருக்குக் கொஞ்சம் அனுப்பலாம். ஆனால் இன்ஜினியர் பெண்ணுக்கு அடுத்த வருஷம் கூடும், அறுபது வயது வரை வேலை இருக்கும். ஆட்டக்காரிக்கு முட்டி தாங்கும்வரைதான். 2016-17இல் ஆறு அணிகள் இரண்டு மூன்று வாரம் ஒரே ஊரில் ஆடி முடித்த லீக், 2023-24இல்தான் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி மாதக்கணக்கில் நடக்கத் தொடங்கியது. என்னைப் பொறுத்தவரை எந்தக் கோப்பையையும்விட இதுதான் பெரிய மாற்றம். மாதக்கணக்கில் ஆட்டம் இருந்தால்தான் மாதச் சம்பளம் கேட்க முடியும். பெங்களூருவின் கிக்ஸ்டார்ட் அணி அந்த லீக்கில் ஆடியிருக்கிறது, 2023 இறுதியாட்டம் வரை போன அணி. எதிர் வீட்டுப் பெண்ணின் அறைக் கதவில் அதன் படம் ஒட்டியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை பதினாறு ஸ்டேஷன். நாற்பது நிமிஷம் நான் நின்ற சில்க் போர்டை அது தலைக்கு மேல் தாண்டிப் போகிறது. இப்போது அவள் மாதம் இரண்டு சனிக்கிழமை நகரத்துக்குள் போய், மாநிலச் சங்கத்தின் பெண்கள் லீக்கில் ஆடும் ஒரு அணியோடு பயிற்சி எடுக்கிறாள். அரை மணிக்கொரு தடவை அம்மா போன் போடுகிறார். வண்டி எங்கே வருகிறது என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது 2025 முடியப் போகிறது. 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை. பன்னிரண்டு அணிகள். அரையிறுதிக்கு வருபவர்கள் நேரே 2027 பிரேசில் உலகக் கோப்பைக்குப் போவார்கள். குலுக்கலில் இந்தியாவின் பிரிவில் ஜப்பான், வியட்நாம் இரண்டும் விழுந்தன. நான்காவது பெயரைப் பார்த்ததும் கோழிக்கோட்டுக்கு போன் போட்டேன். சேச்சிக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். "யாரு? யாரு?" என்று கேட்டார். "தைவான், சேச்சி. அதே தைவான்!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்தது. "ரெண்டு கோல் பாக்கி இருக்கு, மறந்திடாதே" என்றார்.

போன ஞாயிறு டர்ஃபுக்கு நானும் போனேன். வலைக்கு வெளியே பெஞ்சு இல்லை, பைக்குகள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். மூலையிலிருந்து வந்த பந்தை எதிர் வீட்டுப் பெண் எம்பிப் பிடித்தாள், கீழே விழுந்தும் விடவில்லை. எழுந்து என்னைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, தைபேல என்ன பாஷ பேசுவாங்க?" என்று அங்கிருந்தே கத்தினாள். பதில் சொல்வதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது. அடுத்த ஸ்லாட் பையன்கள் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். வாட்ச்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பெண்கள் பக்கம் பார்த்தார். கார்னர் ஒன்று பாக்கி இருந்தது. "அத முடிச்சுக்கட்டும்" என்று பையன்களிடம் சொன்னார். அவர்களும் வலையோரம் வந்து நின்று பார்த்தார்கள்.